நகராத மூலை

நாற்கரத்தை வரைபடத்தாளில் ஆறு கட்டம் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். இதுதான் மகளின் வீட்டுப்பாடம். மூன்று மூலைகளைச் சரியாக நகர்த்தியவள் நான்காவதை மறந்துவிட்டாள். கோடுகளைச் சேர்த்ததும் வடிவம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவள் வயதில் நான் தேவகோட்டையில் இருந்தேன். பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீடு. குடும்பத்துக்கு ஓர் அறை, தனித்தனி அடுப்பு. அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும்தான் கூப்பிடுவோம். பெரியப்பாவோடு வந்த சண்டையில் ஆத்தா காரைக்குடியில் வாடகை வீடு பிடித்துவிட்டாள். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு அப்பச்சி என்னிடம், "நீங்க முன்னால போங்க, நான் சாயந்தரம் பஸ்ஸுல வந்துர்றேன்" என்றார்.

புது வீட்டில் ஆத்தா எதையும் மாற்றவில்லை. கட்டில் அதே தெற்குச் சுவரோரம், தண்ணீர்ப் பானை அதே வாசலோரம். பழையபடி நாலு தட்டைச் சதுரமாக வைத்தாள். கிழக்கே அப்பச்சி தட்டு.

"அப்பச்சி எப்ப வருவாக?" என்றான் தம்பி.

"வருவாக. நீ சாப்புடு."

தேவகோட்டை பஸ் தெருமுனையில் நிற்கும்போதெல்லாம் ஆத்தாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிடும். அப்பச்சி பொய் சொன்னாரா, அண்ணன் தம்பிகளை விட்டுவர மனசு வரவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தட்டை அவள் கடைசிவரை எடுக்கவில்லை.

மகள் ரப்பரைத் தேடி எடுத்தாள்.

"ஒரு புள்ளிதாம்மா தப்பு. நகர்த்திட்டா சரியாயிரும்."

ஆத்தாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.