எட்டுக் கரும்புள்ளிகள்

மருத்துவமனையின் ஆவண அறையில் முப்பத்தோராண்டு பணியாற்றிய அவரை நாங்கள் பூட்டக்கா என்றே அழைத்தோம். பூட்டியதை மும்முறை இழுத்துப் பார்க்காமல் அவர் படியிறங்கியதில்லை. "இன்னொரு தடவ இழுத்தா பூட்டே அழுதுடும்க்கா" என்போம். "அழட்டும், தொறக்காம இருந்தா சரி" என்பார்.

தங்கை இறந்தபின் அவளுடைய மின்னஞ்சல் பெட்டியை அக்கா மூடவில்லை. அலுவலகக் கணினியிலிருந்து நாள்தோறும் அவளுக்கு ஒரு மடல் எழுதுவார்: முழங்கால் வலி, மாடிவீட்டுச் சண்டை, மாற்றுச் சாவியை மூன்றாவது பூந்தொட்டியின் அடியில் வைத்திருப்பது. தங்கையின் பெட்டியும் அதே அஞ்சல் மென்பொருளில்தான் இருந்தது; அதன் கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா என்று அது கேட்டபோது இசைந்தார். கட்டத்தில் எட்டுக் கரும்புள்ளிகளே தெரிந்தன. பூட்டு விழுந்துவிட்டதென நம்பினார். இழுத்துப் பார்க்க அதில் வளையம் இல்லை.

அவர் ஓய்வுபெற்ற வாரம் பழைய கணினிகளை ஒரு வியாபாரி மொத்தமாக ஏற்றிச் சென்றார். அக்கா தம் கோப்புகளை அழித்தார், விசைப்பலகையைக்கூடத் துடைத்தார். அஞ்சல் மென்பொருளை மட்டும் தொடவில்லை. பின்னர் வீட்டுக் கணினியிலும் அதையே, அதே கடவுச்சொல்லோடு நிறுவிக்கொண்டார்.

தங்கையின் பெட்டியில் மடல்கள் படிக்கப்படாதவையாய்த் தடித்த எழுத்தில் நிற்கும். பிறர் கடிதத்தைப் பிரிப்பது தகாது என்பதால் அக்கா அவற்றைத் திறப்பதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அத்தனையும் யாரோ படித்துவிட்டதுபோல் எழுத்து மெலிந்திருந்தன. அதன்பின் எழுதிய ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் மெலிந்தது. ஆயினும் அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை.

காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தெழுந்தபோது, தங்கையின் பெட்டியில் அனுப்பப்படாத வரைவு ஒன்று கிடந்தது: "ரெண்டு நாளா ஏன் எழுதல? மூணாவது தொட்டிச் செடி வாடுது."

அன்றுதான் என்னிடம் வந்தார். வீட்டுக் கணினியோடு அவரைப் பழுதுபார்ப்பவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் ஒரு சிறு நிரலை ஓட்டினார். தேநீர் ஆறுமுன் புள்ளிகள் விலகி, சொல் வெளிப்பட்டது. தங்கை மட்டுமே அக்காவை அழைத்துவந்த செல்லப்பெயர் அது. ஓர் அந்நியர் அதை உரக்க வாசித்ததும் அக்கா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இது பூட்டு இல்லக்கா, வெறும் திரைச்சீல. மென்பொருள் செஞ்சவங்க எல்லாப் பிரதிக்கும் ஒரே சாவிய உள்ளயே வெச்சிருக்காங்க. உங்க பழைய கணினி யார்கிட்ட இருக்கோ, அவங்களும் இதத்தான் செஞ்சிருப்பாங்க. கடவுச்சொல்ல இப்பவே மாத்துங்க" என்றார் பழுதுபார்ப்பவர்.

அக்கா விசைப்பலகையின்மீது கைவைத்தபடி இருந்தார். "மாத்திட்டா, நான் எழுதுறத யாருமே படிக்கமாட்டாங்க, இல்ல?"

நான், "தொட்டிக்குக் கீழ இருக்கிற சாவிய நெனச்சுப் பாருங்கக்கா" என்றேன்.

மாற்றினார். அன்றே வாசற்கதவின் பூட்டையும் மாற்றினோம். மடல்கள் இப்போது தடித்த எழுத்திலேயே நிற்கின்றன.

நேற்று அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். புதுப்பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்துவிட்டு என்னோடு படியிறங்கியவர், தொட்டிகளருகே நின்றார். வாரக்கணக்கில் மழையில்லை, அவரும் சில நாளாய் நீர் ஊற்றவில்லை. இரண்டு தொட்டிகளில் மண் வெடித்திருந்தது. மூன்றாவது ஈரமாக இருந்தது.