நான் தூங்கிய இரண்டாம் பாதி

பாதிப் படத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு முழுப் படத்துக்கும் தீர்ப்புச் சொல்லுகிற கெட்ட பழக்கம் எனக்கு நெடுநாளாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பில் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும் என்பதால் மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை.

நடந்தது போன வருடம், மலேசியாவில் கோலசிலாங்கூருக்குச் சற்று வெளியே நாங்கள் குடியிருக்கும் தாமானில். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் லயத்தை விட்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் இங்கே பெரும்பாலும். நான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடும் இடத்தில் இருக்கிறேன். குலையோடு வரும் லோரியை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, குலையை இறக்கிய பின் காலி லோரியை இன்னொரு முறை நிறுக்காமல் எடையைச் சொல்லவே மாட்டேன். அந்த நிதானம் சினிமா விஷயத்தில் மட்டும் எனக்கு வாய்க்கவில்லை.

நாலு புத்தகம் படித்தவன் என்று ஒரு பெயர் உண்டு எனக்கு. அதனால் தாமானின் வாட்சப் குழுவில் புதுப்படம் எப்படி என்று என்னைத்தான் கேட்பார்கள். வியாழக்கிழமை படம் வந்தால், வேலை முடிந்த கையோடு கிள்ளானுக்குக் காடியை விட்டு மாலைக் காட்சி பார்த்துவிட்டு, கார் நிறுத்துமிடத்திலிருந்தே மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்பிவிடுவேன். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இந்த மாதிரி மரியாதை ஒரு மனிதனை எவ்வளவு சீக்கிரம் கெடுக்கும் என்பதற்கு நானே சாட்சி.

இப்போதைய படங்களைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. கதாநாயகர் காடியிலிருந்து இறங்கினால் முதலில் செருப்பைக் காட்டுகிறார்கள். முகத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவர் சுருட்டைப் பற்ற வைத்தால் பின்னாலிருக்கும் கிடங்கும் பற்றிக்கொள்கிறது. கதை முடிகிற வேளையில் இருட்டிலிருந்து இன்னொரு பெரிய நடிகர் வந்து சிரித்துவிட்டுப் போகிறார். அவர் ஏன் சிரித்தார் என்பது இரண்டாம் பாகத்தில்தான் தெரியுமாம். பின்னணி இசையிடமோ எங்கள் ஆலைக் கொதிகலனே தோற்றுப்போகும்.

சிக்கலே அங்கேதான். கொதிகலன் பக்கத்தில் இருபது வருடம் இருந்தவனுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. போதாக்குறைக்கு நம் நாட்டுத் திரையரங்குகளில் இடைவேளைக்கு விளக்குப் போடுவதில்லை. ‘இடைவேளை’ என்ற எழுத்து வரும், போகும், படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் சொருகும். அடுத்து நான் பார்ப்பது, நன்றி சொல்லும் பெயர்ப் பட்டியலாக இருக்கும்.

ஆனாலும் என் விமர்சனத்தில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. ஏனென்றால் அனுபவத்தில் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: “முதல் பாதி பரவாயில்ல, ரெண்டாவது பாதி கொஞ்சம் இழுவை.” இதை எந்தப் படத்துக்குச் சொன்னாலும் பொருந்தியது. “கரெக்டா சொன்னீங்க அண்ணே” என்று பார்த்துவிட்டு வந்தவர்களே பாராட்டினார்கள்.

அந்த வாரம் வந்தது நம் நாட்டுப் படம். கோலாலம்பூர்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து எடுத்தது. ஈஜோக் பக்கம் ஒரு பழைய லயத்திலும் சுங்கை புரோங் வயல்களிலும் எடுத்தார்கள் என்பதால் எங்கள் குழுவில் ஒரே பரபரப்பு. எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டுநர், எட்டாம் எண் வீட்டுத் தம்பி, குழுவில் ஒரு செய்தி போட்டார். ஞாயிறு இரண்டு மணிக் காட்சிக்கு எல்லாரும் போகலாம், என் பள்ளி பஸ்ஸிலேயே சும்மா அழைத்துப் போகிறேன், பெயர் கொடுங்கள் என்று. குழுவில் பெயர் கொடுப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் பட்டியலை நகல் எடுத்து அடியில் தன் பெயரைச் சேர்த்துத் திரும்பப் போடுவார். இரண்டே நாளில் இருபத்திரண்டு பெயர்.

வியாழன் மாலை நான் போனேன். அரங்கில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். நல்ல குளிர். நான் வாழையிலைச் சாப்பாடு வேறு சாப்பிட்டிருந்தேன். ‘இடைவேளை’ வந்தது. பிறகு பெயர்ப் பட்டியல் வந்தது.

வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். நம் நாட்டுப் படமாயிற்றே, கொஞ்சம் விரிவாகச் சொல்வோம் என்று ஆசை வந்துவிட்டது. முன்னோட்டத்தில் ஒரு தாடிக்கார லோரி ஓட்டுநர் இரண்டு நொடி அழுததைப் பார்த்திருந்தேன். அதை எடுத்து வைத்துக்கொண்டு அளந்தேன். “ரெண்டாவது பாதியில ஒரு லோரிக்காரர் வராரு. ஏன் அழறாருன்னு அவருக்கே தெரியல. அவர வெட்டி எடுத்திருந்தா படம் தப்பிச்சிருக்கும். டிவில வர்றப்ப பாத்துக்கலாம் லா.”

வெள்ளிக்கிழமை விடியும்போது பட்டியலில் பதினான்கு பெயர். நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் எட்டு. கடைசியில் மூன்று நின்றது. பஸ்காரத் தம்பி, அவர் மனைவி, பிறகு குழுவின் தலைவியான மிஸ்ஸி அக்கா. இவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாதி; தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள். கொடுத்த பெயரை எடுப்பது அவர் வழக்கமில்லை. பஸ்காரத் தம்பியின் மாமியாரே தன் பெயரை எடுத்துவிட்டிருந்தார். என் சொல்லுக்கு இத்தனை சக்தியா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

காலை வேலைக்குப் போகும் வழியில் ரொட்டி சானாய் கடையில் பஸ்காரத் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருக்கிறார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“அண்ணே, அந்த லோரிக்காரரு அவ்வளவு மோசமா பண்ணியிருக்காரா?”

“மோசம்னா… எங்கேருந்துதான் புடிச்சாங்களோ தம்பி அந்தாள!”

அவர் ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தார். “எட்டாம் நம்பர் வூட்லேருந்துண்ணே” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே, “தாடி ஒட்டியிருந்தாங்க” என்று சேர்த்த பிறகுதான் விளங்கியது. 

அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ என்னை நம்பினார். தன் தவறு எங்கே என்று தெரிந்துகொள்ள விரும்பினார்.

“அழற சீன் எனக்கே புடிக்கல அண்ணே. ஆனா ஆஸ்பத்திரில சும்மா நிப்பேனே, பேச்சே இல்லாம. அதுவுமா நல்லா இல்ல?”

“அது… கொஞ்சம் நீளமா…”

“நாலு செகண்டுண்ணே.”

பிறகு மெதுவாகச் சொன்னார். சில வருடம் முன்பு வேறொரு படத்தில் நடித்திருந்தார். தாமான் முழுக்கச் சொல்லி, எல்லாரும் போய்ப் பார்த்தால் அவர் வந்த காட்சியையே வெட்டியிருந்தார்கள். மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாராம். அதனால்தான் இந்த முறை மூச்சு விடவில்லை. படம் எடுத்தவர்கள் முழுப்படத்தையும் போட்டுக் காட்டி, தன் காட்சி இருப்பது உறுதியான பிறகும் சொல்லாமல், எல்லாரையும் அரங்கில் உட்கார வைத்தபின் தன் முகம் தானாகத் திரையில் வரட்டும் என்று காத்திருந்தார்.

“இப்ப சொன்னா, நமக்காகப் பாவம் பாத்து வருவாங்க. அதுக்கு வராமலே இருக்கட்டும். கூட்டம் இல்லன்னு திங்கக்கிழமை தியேட்டர்லேருந்து படத்த எடுத்துருவாங்களாம். விடுங்கண்ணே. நீங்க உள்ளத சொன்னீங்க.”

உள்ளதைச் சொன்னேனாம்! அன்று ஆலையில் ஒரு லோரியை இரண்டு முறை நிறுக்காமல் அனுப்பப் பார்த்தேன்; அந்த ஓட்டுநரே எனக்கு நினைவுபடுத்தினார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “தூங்கிட்டேன்னு சொல்லிருங்க. ஒரே ஒரு வார்த்தைதான?”

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே குறுக்குவழி ஒன்று யோசித்து, சனிக்கிழமை காலை இன்னொரு குரல் பதிவு அனுப்பினேன். ஆழ்ந்து யோசித்ததில் அந்தப் படத்தின் இரண்டாம் பாதியில் சில நுட்பமான அடுக்குகள் தென்படுகின்றன என்று. நாலரை நிமிடம். மிஸ்ஸி அக்கா ஒருவர்தான் பதில் போட்டார்: “தம்பி, காய்ச்சலா? டெங்கி சீசன், போய் ரத்தம் பாத்துரு.” பட்டியல் மூன்றிலேயே நின்றது.

மத்தியானம் ஜன்னலில் பார்த்தேன். பஸ்காரத் தம்பி தன் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று பேர் போவதற்கு, ஒவ்வோர் இருக்கையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தேன். பதினொரு நொடி, என் வாழ்நாளிலேயே சிறிய விமர்சனம். “நான் ரெண்டாவது பாதிய பாக்கல. தூங்கிட்டேன். லோரிக்காரர நான் பாக்கவே இல்ல. பாக்காமலே பேசிட்டேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்.” அவர் யார் என்று சொல்லவில்லை. அதைக் கெடுக்கும் உரிமை எனக்கில்லை.

 பிறகு ஒருவர் கேட்டார்: “அப்ப தீபாவளி படம்?”

“அதுவும் பாதிதான்” என்று எழுதினேன்.

“பொங்கல் படம்?”

“இடைவேளை வரைக்கும்.”

“அந்தப் பேய்ப் படத்துலயுமா அண்ணே தூங்குனீங்க?”

“அதுல முதல்லயே தூங்கிட்டேன்.”

“அலாமா! அத நம்பித்தான நான் போகல!”

ஒரு மணி நேரம் என்னை வைத்துப் பிழிந்தார்கள். ஆனால் நடுவில் யாரோ பட்டியலை நகல் எடுத்து, நாலாவதாகத் தன் பெயரைப் போட்டார். நான் தூங்கிய இடம் எது என்று பார்த்தே தீர வேண்டுமாம். அதே காரணத்துக்காக அடுத்தவரும் சேர்ந்தார். சாயங்காலம் முப்பத்தொன்று. மாமியார் பதினேழாவது. கலை மீதுள்ள ஆர்வத்தால் வந்தவர் ஒருவருமில்லை, ஆனால் வந்தார்கள்.

ஞாயிறன்று அரங்கில் என்னை மனைவிக்கும் மிஸ்ஸி அக்காவுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். ‘இடைவேளை’ என்ற எழுத்து வந்ததும் முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸி அக்கா முன்னெச்சரிக்கையாகத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். ஊசி போட்டுப் பழகிய கை.

இருபது நிமிடம் கழித்துத் திரையில் ஒரு லோரி வந்து நின்றது. தாடிக்கார ஓட்டுநர் கதாநாயகியை ஏற்றிக்கொண்டு, “கதவ மெதுவா சாத்து!” என்றார். தினமும் காலையில் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போது கேட்கிற அதே குரல். முன் வரிசையிலிருந்து, “பஸ் அங்கிள்! பஸ் அங்கிள்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அப்புறம் அரங்கில் யாருக்கும் வசனம் கேட்கவில்லை. மாமியார் எழுந்து நின்றுகொண்டு, “எங்க மாப்ள! ஐயோ, எங்க மாப்ளடி!” என்று யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைப் பிடித்து உலுக்கினார்.

அழும் காட்சி வந்தது. உண்மையைச் சொன்னால் சுமார்தான். பிறகு ஆஸ்பத்திரி நடைபாதை. மகள் இருக்கும் அறையின் கதவைப் பார்த்தபடி அவர் நிற்கிறார். தட்டக் கை எடுக்கிறார், தட்டாமல் கையைக் கீழே விடுகிறார். நாலு நொடி. அதுவரை கத்திய பிள்ளைகள்கூட அப்போது மூச்சு விடவில்லை. கிள்ளுவதற்காக என் தொடைமேல் தயாராக இருந்த மிஸ்ஸி அக்காவின் கை, என் கையைப் பிடித்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் பஸ்காரத் தம்பி திரையைப் பார்க்கவில்லை; எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என்னைத் தனியே இழுத்தார். “இப்ப சொல்லுங்கண்ணே.”

“படம் இழுவைதான் தம்பி. அந்த நாலு செகண்டு மட்டும் பத்தல.”

அவர் சிரித்த சிரிப்பில் பாதிக்கு மேல் அழுகைதான். படத்தில் அழுததைவிட இது எவ்வளவோ நன்றாக இருந்தது. திங்கட்கிழமை படத்தை எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் எதைப் பற்றியாவது வாயைத் திறக்கும் முன், அது நடந்தபோது நான் விழித்திருந்தேனா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். சினிமாவுக்கு மட்டுமில்லை, அரசியலுக்கும் அடுத்த வீட்டு விவகாரத்துக்கும் சேர்த்துத்தான். பேச எனக்கு இவ்வளவு குறைவாகத்தான் இருக்கிறது என்பது அதன் பிறகே தெரிந்தது.

அடுத்த மாதம் வந்த பெரிய நடிகரின் படத்தை, பால் கலக்காத கட்டங்கோப்பி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கண் இமைக்காமல் பார்த்தேன். ஒரு காட்சி விடாமல், நேர்மையாக, பதினான்கு நிமிடம் குழுவில் விமர்சித்தேன். மிஸ்ஸி அக்கா முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் போட்டார்: “தம்பி, நீ தூங்குனப்பயே நல்லா சொன்ன.”