நீலாபின் வருஷப் புண்

காபூலில் இதற்கு வருஷப் புண் என்றே பெயர். வந்தால் ஒரு வருஷம் தங்கும். போகும்போது தழும்பை விட்டுப்போகும். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. நீலாப் இடது கன்னத்தில் அதோடு வந்தாள். கத்தி பட்டும் முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலியா?"

"தொட்டுப் பேச ஒரு ஆள் கிடைச்சிருக்கே அக்கா, வலிச்சா என்ன?"

அவள் கணவன் ஈரானில் கட்டட வேலை செய்கிறான். இவள் அவன் அண்ணன் வீட்டில் இருந்தாள். புண் வந்த அன்றே ஓர்ப்படி ராஹிலா இவளுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு வைத்துவிட்டாள். இவளுடைய நான்கு வயது மகள் சோஸனை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். ஈதுப் பெருநாளில்கூட மகளை முத்தமிட விடவில்லை.

எனக்கு வாய் நீளம். ராஹிலாவை வரவழைத்துச் சொன்னேன்: "மணல் ஈ கடிச்சாத்தான் இது வரும். தொட்டா வராது."

"பக்கத்து வீட்டுல ஒரே தட்டுல தின்ன மூணு பேருக்கும் வந்துச்சே?"

"மூணு பேரையும் ஈ கடிச்சிருக்கும்."

"ஆமா, அதுக்கு வீட்டு விலாசம் எழுதிக் கொடுத்தாங்களாக்கும்!" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நீலாபிடம் மருந்தில் நனைத்த கொசுவலை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். கீழறையில் அந்த வலைக்குள் நீலாப் தனியாகப் படுத்தாள். மாடியில் குழந்தைக்கு வலை இல்லை.

ஊசி போட வாராவாரம் வருவாள். ஒருநாள் கேட்டாள்: "என் உடம்பு எதுவுமே செய்யாதா அக்கா?"

"செய்யாமலா? ஈ கடிச்ச உடனே வெள்ளணுக்கள் ஓடிவந்து கிருமியை முழுங்கிடும். ஆனா இது அந்த அணுவோட வயித்துக்குள்ளயே குடித்தனம் பண்ணிக் குட்டி போடும்."

"பகையாளிக்கே விருந்து வைக்குதா? அசல் நம்ம ஊரு ஆளுதான்!"

"அதேதான். பக்கத்துல இருக்கிற மத்த அணுக்கள் 'உள்ளே இருக்கிறது பகை'ன்னு சேதி அனுப்பி உசுப்பணும். அப்பத்தான் முழுங்கின அணு விஷத்தைச் சுரந்து உள்ளே இருக்கிறதைக் கொல்லும். மெதுவாத்தான் நடக்கும்."

"அதுக்குள்ள என் மக என்னை மறந்துடுவா."

அன்று அவள்மேல் வந்த பரிதாபத்தைவிட ராஹிலாமேல் வந்த கோபம் பெரிது.

இலையுதிர் காலத்தில் நீலாபின் புண் காய்ந்தது. அடுத்த வாரம் சோஸனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் மூக்கு நுனியில் சிவந்த கட்டி. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"ராஹிலா என்ன சொல்றா?"

"'உன் சீக்கு, நீயே வச்சுக்கோ'ன்னு படுக்கையோட கீழே அனுப்பிட்டா." நீலாப் தலை குனிந்தாள். "அஞ்சு மாசம் கழிச்சு நேத்து எங்கிட்ட படுத்தா அக்கா. இந்த மூக்கைப் பார்த்து நான் அழணும் இல்லையா? சந்தோஷமா இருந்துச்சு. என்னைச் செருப்பாலயே அடிக்கணும்."

நான் குழந்தையின் மூக்கைச் சுரண்டினேன். சோஸன் வீரிட்டு அழுது, தாயின் தழும்புக் கன்னத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விலக்கிவிட யாரும் வரவில்லை.