நான்கு காலிங்பெல் ஸ்விட்ச்சுகள்

மரக்காணத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததே இல்லை. உப்பளத்துத் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது என் வேலை. பாத்தியில் தண்ணீர் நின்று, காய்ந்து, கெட்டியாகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. வராந்தாவில் நடப்பேன், டீ போடுவேன், குடிக்க மறப்பேன், மாதம் தவறாமல் மாற்றல் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவேன்.

என்னைக் கட்டிப்போட்டது ஒன்றே ஒன்றுதான். எண்பதுகளில் வந்த ஒரு வீட்டுக் கணினி. டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டுவது. ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாத அதன் நினைவகத்துக்குள் ஒரு முழு விளையாட்டை அடக்குவதில் எனக்கு வெறி. என்னைப் போன்ற கிறுக்குகள் உலகமெங்கும் இருந்தார்கள். இணையத்தில் ஒரு குழுவாகப் பேசிக்கொள்வோம். இரண்டாயிரத்து ஐந்து கோடையில் குழு ஒரு போட்டி வைத்தது. விளையாட்டு அசல் கணினியில் ஓடும் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நான் உப்பள விளையாட்டு எழுதியிருந்தேன். மேகம் வருவதற்குள் மடையைத் திறந்து மூடி உப்பு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி நாளுக்கு முதல் நாள் கணினி செத்துவிட்டது.

உப்புக் காற்றின் வேலை. கழற்றிப் பார்த்தால் இணைப்புகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. போர்டையும் விசைப்பலகையையும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஆய்வுக்கூட ஓவனில் ஐம்பது டிகிரியில் வைத்தேன். அது காயும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் அளத்துப் பக்கம் நடக்கப் போய்விட்டேன்.

திரும்பியபோது வாசலிலேயே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். டெக்னீஷியன் பெண் ஓவனைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கூனிமேட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், மூன்று மாதமாக என் கோபத்துக்குப் பழகியவள்.

"சாம்பிள் வெச்சேன் மேடம். நூத்தியஞ்சு வெச்சேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"உள்ள என்ன இருக்குதுன்னு பாக்க மாட்டியா?"

"பாத்தேன் மேடம். அதுவும் சாம்பிள்னு நெனச்சேன்."

கத்தினேன். விசைகள் உருகி ஒரே கட்டியாகியிருந்தன. போர்டைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பற்றவைத்த ஈயம் உருக இன்னும் எண்பது டிகிரி வேண்டும், அதனால் போர்டு பிழைத்திருக்கலாம் என்று சத்தமாகவே கணக்குப் போட்டேன். பிழைத்தாலும் என்ன? கேசட்டை ஏற்றும் கட்டளையைத் தட்டவே நான்கு விசைகள் வேண்டும் என்று புலம்பினேன்.

"நாலு போதுமா மேடம்?"

"போதும், போதும், போ!"

அவள் போய்விட்டாள். அழுதுகொண்டே பஸ் ஏறியிருப்பாள் என்று நினைத்து என் மேலேயே எரிச்சல் வந்தது. அரை மணியில் காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். உள்ளே நான்கு காலிங்பெல் ஸ்விட்ச்சுகள்.

"எலக்ட்ரிக் கடைல இதான் இருக்குதுன்னாங்க. அமுக்குனா ஒட்டும், விட்டா விட்டுடும். விசையும் அப்படித்தானே?"

அப்படித்தான். ஒரு பலகையில் நான்கையும் திருகி, போர்டிலிருந்து ஒயர் இழுத்துப் பற்றவைத்தேன். விளையாட்டும் அதே நான்கு விசைகளில் ஓடும்படி ஆபீஸ் கணினியில் நிரலை மாற்றி, மறுபடி கேசட்டில் பதிந்தேன். டேப் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க ஒக்காருங்க மேடம், எனக்குத் தலை சுத்துது" என்றாள். உட்கார்ந்தேன்.

திரையில் பாத்திகள் வந்தன. படம் எடுத்து அனுப்பிவிட்டு அவளை ஆடச் சொன்னேன். மேகம் வந்து அவள் உப்பை மூன்று தடவை கரைத்தது. ஒவ்வொரு தடவையும் மேகத்தைத் திட்டினாள். ஐந்து மணி பஸ் போனதை இருவருமே கவனிக்கவில்லை.

என் மாற்றல் கடிதங்களைத் தபாலில் சேர்ப்பவளும் அவள்தான். ஸ்விட்ச்சிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்: "டிரான்ஸ்பர் வந்தா இதையும் எடுத்துட்டுப் போயிடுவீங்களா மேடம்?"

"போர்டு என்னுது, ஸ்விட்ச்சு உன்னுது," என்றேன். "எப்படி எடுத்துட்டுப் போறது?"