கொய்யா இலையும் படிகாரமும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலையில் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக்குப் போயிருந்தேன். சென்னையில் காப்புரிமை வழக்குகள் நடத்தும் அலுவலகத்தில் எனக்கு வேலை. படித்தது வேதியியல்.

இறால் கறுத்துப்போகாமல் காக்கும் முறை ஒன்றுக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை கேட்டிருந்தது. கொய்யா இலைச் சாற்றில் முக்கி, நன்றாக அலசி, பிறகு துளியூண்டு படிகாரம் கரைத்த நீரில் முக்க வேண்டும். அதை எதிர்த்தவர் எங்கள் கட்சிக்காரர். இலைச் சாறு பற்றி ஒரு பழைய கட்டுரை, படிகாரம் பற்றி இன்னொன்று என் கையில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுமே, இதில் என்ன கண்டுபிடிப்பு என்பது என் வாதம். ஊர்ப் பெண்களே இப்படிச் செய்வதாக ஒரு வாக்குமூலமும் தட்டச்சு செய்து எடுத்துப்போயிருந்தேன். கையெழுத்துதான் பாக்கி.

ஏரியில் கையால் இறால் பிடிக்கும் அக்கா ஒருவரைச் சந்தித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொறமொகத்துக்கு எடம் அளக்க வந்தீங்களா சார்?"

துறைமுகத்தை விரிவாக்க நிலம் எடுப்பார்கள் என்ற பேச்சு அங்கே அடிபட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்றேன். நம்பவில்லை. நான் நீட்டிய காகிதத்தை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார்.

"எலத் தண்ணி ஊத்துவோம். படிகாரமும் போட்டுப் பாத்துக்கீறோம். ரெண்டும் சேத்துப் போட்டா எறா வீணாப்பூடும். நாங்க போடுறோம்னு எழுதிக்கீதே?"

எனக்குச் சுருக்கென்றது. சேர்த்தால் கெட்டுவிடும் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள் என்று அந்த நிறுவனமும் தன் பதிலில் எழுதியிருந்தது. அவர்களுடைய ஆள் முன்னாடியே வந்து சொல்லிக்கொடுத்துவிட்டானா?

"இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது வந்தாங்களா அக்கா?"

அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க இன்னா போலீசா?" என்றார்.

அன்று பிடித்த இறாலில் இரண்டு கை அள்ளி இலைத் தண்ணீரில் போட்டு, படிகாரத்தையும் பொடித்துப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கியது. அரை மணி நேரத்தில் இறால் மேலெல்லாம் சேறு போல ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது.

"இத எவன் வாங்குவான்? நாலு வாட்டி பாத்துட்டு உட்டுட்டோம்."

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார். நடுவில் அலசுவதும் படிகாரத்தைக் குறைப்பதும் எனக்கு எளிதாகத் தெரிந்தது, விண்ணப்பத்தில் விடையைப் படித்திருந்ததால்தான். தினமும் இறாலோடு கிடப்பவர்களே இது ஆகாது என்று விட்ட வழி அது. அவர் உழைப்பில் இரண்டு கை இறாலை வீணாக்க வைத்ததோடு, அவரைப் பொய்க்காரியாகவும் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கெட்டுப்போன இறாலை அள்ளிக் கொட்டப் போனார்.

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னதும் என் மேலதிகாரி, "எதிர்த்தரப்போட ஏதாவது பேசிட்டீங்களா?" என்று கேட்டார். நான் சந்தேகப்பட்டபோது அந்த அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் அந்த வாதத்தைக் கைவிட்டோம். எந்த இலைச் சாற்றோடு படிகாரம் போன்ற எந்த உப்பைச் சேர்த்தாலும் அந்த முறை தங்களுக்கே என்று அவர்கள் கேட்டிருந்ததை மட்டும் எதிர்த்தோம், அவர்களுடைய அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது. கொய்யா இலை முறைக்குக் காப்புரிமை கிடைத்தது.

இப்போதும் ஒரு கோப்பில் 'இது யாருக்கும் தோன்றக்கூடியதே' என்று எழுதப் போகும்போதெல்லாம், எனக்கு முதல் சந்தேகம் என் மேல்தான் வருகிறது.