டிராக்டர் டிரெய்லரில் இன்வெர்ட்டரை எங்கே வைக்கக் கூடாது

இதை நோட்டில் நானே எழுதினேன். மகள் கணினியில் ஏற்றித் தருகிறாள். அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான், மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு வரி முடியும்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சொல்லப்போகும் பயணம் அப்படியில்லை.

என் மனைவி பூங்காவனத்துக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரத்தின் குழாய் எப்போதும் மூக்கில் இருக்கும். அண்ணாமலையை ஒரு முறை சுற்றிவிட வேண்டும் என்றாள். காரில் உட்கார அவளால் முடியாது. 2007 மாசியில் எங்கள் டிராக்டர் டிரெய்லருக்குத் தார்ப்பாய்க் கூரை போட்டு, கட்டில் கட்டி, இயந்திரத்துக்காக இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் வாங்கினேன். பௌர்ணமியன்று வண்டி விட மாட்டார்கள் என்பதால் சாதாரண செவ்வாய்க்கிழமையாகப் பார்த்தோம்.

எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டரை முன்பக்கம் திறந்தாற்போல வைக்கச் சொன்னார். மின்சாரம் நெருப்பு, நெருப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்றேன் நான். வாசலில் டிரெய்லர் வடக்கு பார்த்து நின்றது. தென்கிழக்கு என்று பின்பக்க வலது மூலையைக் காட்டினேன்.

“அங்க காத்தே இல்லீங்க. சூடு ஜாஸ்தியாகி நின்னுடும்.”

“நாங்க சுத்தப் போற மலையே அக்னிதான்யா. எங்களுக்குத் தெரியாதா?”

பெட்டியில் ‘காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்’ என்று ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி மனைவிக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். படிக்க வந்துவிட்ட பெருமையில், அது எனக்குத்தான் சொல்கிறது என்பது உறைக்கவில்லை. ஆடாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் போர்வைகளை அடைத்தேன்.

காலை 6.10க்குக் கீழ்பென்னாத்தூரில் கிளம்பி 7.40க்குத் திருவண்ணாமலை வந்தோம். ஓட்டியது என் அண்ணன் மகன் சேகர். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். செங்கம் ரோட்டில் மேற்கே திரும்பியதும் சேகர் கத்தினான்.

“சித்தப்பா, வண்டி திரும்பிடுச்சு! உன் அக்னி மூலை இப்ப ஈசானிய மூலையாயிடுச்சு!”

பூங்காவனம் குழாயோடு சிரித்தாள். “வுடுடா, அதுவும் எட்டு மூலையும் பாத்துட்டு வரட்டும்.”

அவள் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

8.35க்கு, அடி அண்ணாமலை அருகே, எட்டாவது கிலோமீட்டரில் இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றது. இயந்திரமும் நின்றது. போர்வைகளை இழுத்தேன், பெட்டி கை வைக்க முடியாதபடி கொதித்தது. துண்டால் விசிறினேன். ஒரு நிமிடம் ஓடி மறுபடி நின்றது. அவள் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. சேகர் எதிர்க் கடைக்கு ஓடினான்.

“ப்ளக் இருக்குது, ஆனா கரண்ட் போய் அரை மணி ஆவுதே,” என்றார் கடைக்காரர். அவரே ஆட்டோவை நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்கு 25 நிமிடம், 120 ரூபாய். அவ்வளவு நேரமும் அவள் கண் என் மேலேயே இருந்தது.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். இனி வெளியே கூட்டிப்போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நோயாளியோடு போகிறவர்களுக்கு: இன்வெர்ட்டரை முன்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ரப்பர் விரிப்பின் மேல் இறுக்கிக் கட்டுங்கள். நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள்; துணி எதையும் அண்ட விடாதீர்கள். பேட்டரியைப் படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள். கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே அரை நாள் ஓட்டிப் பாருங்கள். சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கட்டாயம் கூட வரட்டும்.

மீதி ஆறு கிலோமீட்டரை அவளுக்காக நான் நடந்துவிட்டு வரட்டுமா என்று போன வாரம் கேட்டேன். மூச்சு வாங்க, விட்டு விட்டுச் சொன்னாள்:

“நீ நடந்தா அது நீ சுத்துனது. என்னுது அங்கயேதான் நிக்குது.”