திராட்சை பிழிந்த கை

என் அண்ணி யூனிஸைப் பற்றிக் காக்ஸ் டவுனில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சாந்தமான பெண் என்பவர்கள் அவளைக் கோயிலில் மட்டும் பார்த்தவர்கள். சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அடங்காப்பிடாரி என்பவர்கள் எங்கள் அம்மாவின் தோழிகள். நான் அவளுடைய நாத்தனார், பெட்டி என்று பெயர், ஒரே வீட்டில் இருந்தவள். என்னைக் கேட்டால் அம்மாவின் தோழிகள் சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

1959 ஜனவரியில் என் அண்ணன் டெஸ்மண்டைக் கட்டிக்கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து வந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. எங்களுடையது அப்பா இல்லாத வீடு. அம்மா சொல்வதுதான் சட்டம். அம்மா வைத்திருந்த வழக்கங்களில் ஒன்று, சாயங்கால ஜெபம் முடிந்ததும் யாராவது ஒருவர் 'பாடம்' சொல்ல வேண்டும். அன்றைய வீட்டு வேலையில் ஆண்டவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்பதுதான் பாடம். நானும் டெஸ்மண்டும் பழைய பாடங்களையே திருப்பித் திருப்பிச் சொல்லி வருஷக்கணக்கில் ஒப்பேற்றி வந்தோம். புது மருமகள் வந்ததும் அந்தப் பொறுப்பை அம்மா அவள் தலையில் கட்டிவிட்டாள்.

யூனிஸ் அசரவில்லை. ஒரு நாள் ஸ்டவ்வைப் பற்றிச் சொன்னாள்.

"இன்னிக்கு ஸ்டவ்வ எவ்வளவு பம்ப் அடிச்சும் எரியல அத்தை. ஊசியால குத்தினப்புறம்தான் நீலமா புடிச்சிது. நாமளும் அப்படித்தான். அடைப்ப எடுக்காம சத்தமா ஜெபம் பண்ணிப் பிரயோஜனமில்ல."

இன்னொரு நாள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியதைச் சொன்னாள். கல் அரிசியைவிட வெள்ளையாக இருக்கும், கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது என்றாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாதர் சங்கத்தில் மருமகளின் பாடங்களை எல்லோருக்கும் சொல்லிப் பூரித்துப்போனாள். மற்றவர்களை மட்டும் குத்துகிற வரை பாடம் நன்றாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் திராட்சை வந்தது. எங்கள் கோயிலில் ஈஸ்டர் திருவிருந்துக்குத் திராட்சரசம் செய்து கொடுப்பது எங்கள் குடும்பத்தின் உரிமை. தேவனஹள்ளிப் பக்கத்திலிருந்து தோட்டக்காரர் கிருஷ்ணப்பா கூடையில் கருநீலப் பழம் கொண்டுவருவார். வீட்டுப் பெண்கள் குளித்து, முக்காடு போட்டு, வாய் பேசாமல் கையால் பிழிந்து, சர்க்கரை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் துணி கட்டி வைப்போம். ரசம் கொடுக்கிற வீடு என்பதால் திருவிருந்துக்கு முதலில் எழுந்து போகிறவள் எங்கள் அம்மா. அவள் பின்னால் நாங்கள், பிறகு வரிசை வரிசையாகச் சபை. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டும். எல்லோரும் குடித்து முடித்தபின் கடைசி பெஞ்சிலிருந்து சலோமி வருவாள்.

சலோமி எங்கள் தெருவில் எடுப்புக் கக்கூஸ் அள்ளுகிறவள். ஞானஸ்நானம் பெற்றவள், திடப்படுத்தல் எடுத்துத் திருவிருந்து வாங்கும் தகுதி பெற்றவள், என்னைவிட நன்றாகப் பாடுவாள். கடைசியில்தான் வர வேண்டும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் திராட்சை வந்த நேரத்தில் அம்மா வேலூரில் இருந்தாள், சித்திக்குப் பிரசவம். நான் டீச்சர் டிரெய்னிங் ஹாஸ்டலில் இருந்தேன், சனி ஞாயிறுதான் வீடு. யூனிஸுக்குக் கஞ்சி வடிக்கும்போது கை வெந்து, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பழமோ நசுங்க ஆரம்பித்துவிட்டது. கொல்லைப்புறம் வந்த சலோமியை அவள் கூப்பிட்டாள். இதை இரண்டு பேருமே பிறகு எனக்குச் சொன்னார்கள்.

"வேணாம் சின்னம்மா. பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்" என்றிருக்கிறாள் சலோமி.

"போனா நான் பாத்துக்கறேன். குளிச்சிட்டு வா."

"குளிக்கறேன். ஆனா நல்ல சோப்பா குடு. துணி தொவைக்கற சோப்பு வேணாம்."

யூனிஸ் கல்யாணத்துக்கு வந்த வாசனைச் சோப்பைப் பிரித்துக் கொடுத்தாள். சலோமி பிழிந்தாள், யூனிஸ் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினாள்.

மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மா வேலூரிலிருந்து திரும்பிய சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும், "இன்னிக்கு என்ன பாடம் யூனிஸ்?" என்று கேட்டாள். யூனிஸ் வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகச் சொன்னாள்.

"திராட்சை அத்தை. எனக்குக் கை முடியல, சலோமிதான் பிழிஞ்சா. ஜாடியில போட்டதும் எந்தப் பழம் எந்தக் கொடியில வந்துதுன்னு தெரியல. எந்தக் கை பிழிஞ்சுதுன்னும் தெரியல. கோயில்ல மட்டும் நமக்கு அது எப்படித் தெரியுதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

அம்மாவுக்கு முகம் வெளுத்தது.

"அதக் கொட்டிடு" என்றாள்.

"மாட்டேன் அத்தை."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யூனிஸ் எழுந்துபோய் ஜாடியைத் தூக்கித் தன் அறையில் கட்டிலுக்கடியில் வைத்தாள். அம்மா டெஸ்மண்டைப் பார்த்தாள். என் அண்ணன் டெலிபோன் ஃபேக்டரியில் குமாஸ்தா. அம்மாவை எதிர்த்துத் தும்மக்கூட மாட்டான்.

"நீ போய் எடுத்துட்டு வாடா."

"இருக்கட்டும்மா. ரூம்ல நல்ல வாசனை" என்றான்.

கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகாதவர்களின் கட்டிலுக்கடியில் திராட்சை ராப்பகலாக நுரைத்துக் குமிழி விட்டது. தூக்கமே இல்லை என்று டெஸ்மண்ட் பிறகு என்னிடம் அழுதான். ஆனால் ஜாடியை நகர்த்தச் சொல்லவில்லை.

மறுநாள் சலோமியை அம்மா வேலையிலிருந்து நிறுத்தினாள். யூனிஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கக்கூஸ் வாளியை எடுத்துக்கொண்டு சந்துமுனையில் நின்ற முனிசிபல் வண்டிவரை நடந்தாள். கொப்புளம் ஆறாத கையில் துணி சுற்றியிருந்தது. பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. திரும்பி வந்து கழுவினாள், குளித்தாள், தலை துவட்டினாள், சமைத்தாள். மத்தியானம் அம்மாவுக்குத் தட்டு வைத்துச் சோற்றுக் கரண்டியை எடுத்தாள்.

"நீ போடாதே" என்றாள் அம்மா.

"ஏன் அத்தை? குளிச்சிட்டேன். சலோமியும் குளிச்சிட்டுத்தான் பிழிஞ்சா. அவ கை ஆகாதுன்னா என் கையும் ஆகாது. இனிமே சமையல் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அம்மா பட்டினி கிடந்தாள். சாயங்காலம் தானே உப்புமா கிண்டிக்கொண்டாள். இப்படியே நாட்கள் ஓடின. தினம் யூனிஸ் வாளி தூக்கினாள், அம்மா தனக்கு மட்டும் தனியாகச் சமைத்தாள். சாயங்கால ஜெபம் நடந்தது, ஆனால் பாடம் என்ன என்று அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். யூனிஸ் விடவில்லை. நான் வந்திருந்த ஒரு சனிக்கிழமை யாரும் கேட்காமலே சொன்னாள்.

"இன்னிக்கு வாளி தூக்கிட்டுப் போறப்ப தெருவுல ஒருத்தரும் என் மூஞ்சிய நிமிந்து பாக்கல. போன மாசம்வரைக்கும் குட்மார்னிங் சொன்னவங்கதான். சலோமிக்கு இத்தன வருஷமா இந்தத் தெருவுல யாரும் குட்மார்னிங் சொன்னதில்லன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. நானும் சொன்னதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள்.

ஈஸ்டர் நெருங்கியதும் அம்மா போதகர் நோயல் ஐயாவை வீட்டுக்கு வரவழைத்தாள். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனாலேயே யாருக்கும் உபயோகமில்லாமல் இருந்தார். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இந்த ஒரு தடவை கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று இழுத்தார். யூனிஸ் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"சலோமிக்கு ஞானஸ்நானம் குடுத்தது யார் ஐயா?"

"நான்தாம்மா."

"அவ கை பட்டு ரசம் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறீங்களா?"

"நான் அப்படி நெனைப்பேனாம்மா? சபையில நாலு பேரு மனசு கஷ்டப்படும், அதான்..."

"சரி ஐயா, கொட்டிடலாம். ஆனா ஞாயித்துக்கிழமை அறிவிப்பு வாசிக்கிறப்ப அதையும் வாசிச்சிடுங்க. சலோமி பிழிஞ்ச ரசம், அதனால கொட்டிட்டோம், கடையில வாங்கினோம்னு சொல்லிடுங்க. அவளும் கடைசி பெஞ்சில உக்காந்து கேக்கட்டும். நானே ஜாடியத் தூக்கிட்டு வந்து கோயில் வாசல்ல கொட்டுறேன்."

சொல்லாமல் செய்வது ஐயாவுக்குச் சுலபம். அதையே நாலு பேர் கேட்கச் சொல்ல அவருக்கு வாய் வராது. அம்மாவுக்கும் வராது. அது யூனிஸுக்குத் தெரிந்திருந்தது. அவர் காபியை முடித்துவிட்டு, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையை அனுப்பி ஜாடியை எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப நான் திருவிருந்து வாங்கமாட்டேன்" என்றாள் அம்மா எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.

ஈஸ்டர் அன்று கோயில் நிரம்பி வழிந்தது. அம்மாவும் நானும் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில். ஆண்கள் பக்கம் டெஸ்மண்ட். யூனிஸ் எங்களோடு உட்காரவில்லை. கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, மல்லிகை வைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் சலோமி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஐயா ஜெபம் முடித்து, பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பீடத்தின் முன்னிருக்கும் கிராதியருகே வந்து நின்றார். அம்மா எழுந்திருக்கவில்லை.

அவள் எழுந்திருக்காமல் மற்றவர்கள் எழுந்ததில்லை. இரண்டாவது பெஞ்ச் எங்களைப் பார்த்தது. மூன்றாவது பெஞ்ச் இரண்டாவதைப் பார்த்தது. ஐயா பாத்திரத்தை ஏந்தியபடி நின்றார். பாடகர் குழு அதே சரணத்தை மறுபடி பாடியது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். தன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிட முடியும் என்று அவள் நினைத்தாள். நிறுத்தியும் விட்டாள்.

அப்போது பின்னாலிருந்து செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது. சலோமியும் யூனிஸும் நடுவழியில் வந்துகொண்டிருந்தார்கள். யூனிஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதாகத்தான் முதலில் நினைத்தேன். கிட்டே வந்தபோது பார்த்தேன், முன்னால் நடந்தவள் சலோமி. தலைமுக்காடு சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எங்கள் பெஞ்சைத் திரும்பியும் பார்க்காமல் போய் முழங்காற்படியிட்டாள். ஐயா அவளுக்குக் கொடுத்தார். பிறகு யூனிஸ் குடித்தாள்.

நான் அம்மாவின் கையை உதறிவிட்டுப் போனேன். எதிர்ப்பக்கமிருந்து டெஸ்மண்ட் வந்தான். அப்புறம் இரண்டாவது பெஞ்ச், மூன்றாவது பெஞ்ச், மொத்தச் சபையும். சலோமி வாய் வைத்த பாத்திரம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். சிலர் உதட்டைத் தொட்டும் தொடாமலும் வைத்தார்கள். ஈஸ்டர் நாளில் வாங்காமல் உட்கார்ந்திருக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

கடைசியில் கோயில் முழுக்க உட்கார்ந்தாயிற்று. ஐயா பாத்திரத்தை மூடத் துணியை எடுத்தார். அம்மா எழுந்தாள். அத்தனை கண்களும் பார்க்கத் தனியாக நடந்துபோய் முழங்காற்படியிட்டாள். மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது போலிருக்கிறது, ஐயா பாத்திரத்தை நன்றாகச் சாய்க்க வேண்டியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நாளையிலிருந்து சலோமிய வேலைக்கு வரச் சொல்லு" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நிறுத்தினது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க அத்தை" என்றாள் யூனிஸ்.

திங்கட்கிழமை அம்மா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சலோமியின் வீட்டுக்குப் போனாள். சலோமி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள், ஆனால் கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"கக்கூஸ் வேலைக்கு வரல பெரியம்மா. அடுத்த வருஷம் திராட்ச வந்தா சொல்லியனுப்புங்க. அதுக்கு வரேன்."

அம்மா சரி என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? வேறு ஆள் பார்க்கலாமா என்று டெஸ்மண்ட் கேட்டதற்கு, நம்முடையதை நாமே அள்ளுவோம் என்று யூனிஸ் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் முறை பிரித்தாள். அவளும் டெஸ்மண்டும் வார நாட்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். ஹாஸ்டலிலிருந்து வருகிற எனக்கு ஞாயிறு. அம்மாவுக்குச் சனிக்கிழமை.